கூலிக்காரர் அரிசி

1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பெரிபெரி நோய் பரவியது. முதலில் கால் மரத்துப்போகும். நடை தள்ளாடும். பிறகு உடம்பு வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிடும். அங்கே பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், அந்த ஆண்டு டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணுக்குச் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசிச் சோறு. இரட்டைப்படை எண்ணுக்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு. சோறு ஒன்றைத் தவிர மற்ற உணவெல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றே. நோய் கட்டடத்திலிருந்து தொற்றுகிறதோ என்ற சந்தேகம் வந்ததால், பாதியில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றிப் படுக்க வைத்தும் பார்த்தார்.

ஓராண்டு முடிவில் பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட இந்த நோயால் சாகவில்லை. அந்தப் பக்கம் நோய் கண்டவர்கள் இருவர்தான். அவர்களும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

இந்திய அரிசியைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே வெயிலில், அதே கொசுக்கடியில், அவர்களைவிட எவ்விதத்திலும் வசதியாக வாழாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவில்லை. தங்கள் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களும் தப்பினார்கள். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனர்ட் பிராடன் இதைப் பல ஆண்டுகள் கவனித்து, 1907-இல் ஒரு பெரிய நூலாகவே எழுதினார். சீனர்கள் வாங்கியது மில்லில் தீட்டிய வெள்ளை வெளேர் அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது பழுப்பேறிய, வாடை அடிக்கும் புழுங்கல் அரிசி. அந்த வாடைக்காகவே மற்றவர்கள் அதைத் தொட மறுத்தார்கள்.

பிராடன் காரணத்தைத் தவறாகச் சொன்னார். பழைய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவர் முடிவு. ஆனால் எந்த அரிசி உயிரைக் காக்கிறது என்பதில் அவர் தவறவில்லை.

புழுங்கல் அரிசிக்காக நெல் அவிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்று தெரியும். முதல் நாளே நெல்லை அண்டாவிலோ தொட்டியிலோ ஊறப்போட வேண்டும். மிதக்கும் பதரை அரித்தெடுக்க வேண்டும். மறுநாள் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஆவி மேலே வந்து நெல்லின் வாய் லேசாகப் பிளக்கும்வரை அவிக்க வேண்டும். பிறகு களத்தில் கொட்டி, காலால் துழாவித் துழாவிக் காயவைக்க வேண்டும். அதிகம் காய்ந்தால் அரிசி நொறுங்கும். காயாமல் அள்ளினால் பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அரிசி குத்தும்போது உடையாது, குறுநொய் குறையும் என்பதுதான் அவர்கள் கண்ட லாபம். அந்த ஆவியில் இன்னொன்றும் நடந்தது. தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின், ஊறும்போதும் வேகும்போதும் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தவிட்டைத் தீட்டி எறிந்தாலும் அதில் பெரும்பகுதி அரிசியிலேயே தங்குகிறது.

பச்சரிசிக்கு அந்த வழி இல்லை. தீட்டினால் தவிடு போகும். தவிட்டோடு வைட்டமினும் போகும்.

இதை உலகம் கண்டுபிடிக்கப் பாதி நூற்றாண்டு ஆனது. பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் வளர்த்த கோழிகளுக்கு 1889-இல் கால் தளர்ந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றின் தீனி. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். விலை குறைந்த தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. அதன்பின் எய்க்மானின் நண்பர் வோர்டர்மான் ஜாவாவின் 100 சிறைகளுக்கு மேல் கணக்கெடுத்து, தீட்டிய அரிசி போட்ட சிறைகளில்தான் நோய் என்று காட்டினார். எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தவிட்டில் இருந்த அந்தப் பொருளின் அமைப்பைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகவே தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்க மிஷனரி தம்பதியின் மகனான அவர் பிறந்த ஊர் நெல்லூர். சென்னை மாகாணத்தில் அரிசிக்குப் பேர்போன ஊர். அதே சமயம், பெரிபெரி வாட்டிய ஆந்திரக் கடற்கரைப் பகுதியை ஒட்டிய ஊர்.

ஒரே மாகாணத்துக்குள்ளேயே ஒரு பகுதியில் நோய், இன்னொரு பகுதியில் இல்லை என்ற வேறுபாடுதான் குன்னூர் ஆய்வகத்தின் கவனத்தை ஈர்த்தது. ராபர்ட் மெக்கரிசன் தொடங்கி வளர்த்த அந்த ஊட்டச்சத்து ஆய்வகம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. 1935-இல் அதன் பொறுப்பை ஏற்ற அய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940-இல் இந்தியாவின் அரிசிப் பிரச்சினை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஆந்திரக் கடற்கரையின் வடசர்க்கார் மாவட்டங்களில் ஏழைகளும் மில் பச்சரிசி சாப்பிட்டார்கள். அங்கே பெரிபெரி நிரந்தரமாகக் குடியிருந்தது. தாய்ப்பாலில் சத்தில்லாமல் கைக்குழந்தைகள் இறந்தன. தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் வறுமை அதே அளவுதான். ஆனால் உழைக்கும் மக்கள் சாப்பிட்டது புழுங்கல்.

இந்த நோயை அரண்போல் தடுத்த அரிசிக்குத் தமிழ்நாட்டில் மரியாதை கிடைத்ததா என்றால், இல்லை. பூஜைக்கும் பொங்கலுக்கும் பச்சரிசி, வேலைக்காரருக்குப் புழுங்கல் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஊர்தோறும் ஹல்லர் மில் வந்ததும் வெண்மை ஒரு கௌரவமாயிற்று. உலக்கை ஓய்ந்தது பெண்களுக்குப் பெரிய விடுதலை; அதைக் குறை சொல்ல முடியாது. கைக்குத்தல் அரிசிக்காகக் கடைசிவரை வாதாடியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலம், மில் அரிசி சத்தையும் பறிக்கிறது, கிராமத்து வேலையையும் பறிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பிறகு ரேஷன் கடை வந்தது. 1967-இல் அண்ணா ஆட்சி ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கத் தொடங்கியது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன் முதல் இலவசம். கடைகளில் பச்சரிசியும் உண்டு என்றாலும், பெரும்பாலானோர் வாங்குவது புழுங்கல்தான். அந்த அரிசியைத்தான் "மாவுக்கு ஆகும், சோற்றுக்கு ஆகாது" என்று பல வீடுகளில் ஒதுக்குகிறார்கள். சிலர் கோழிக்குப் போடுகிறார்கள். வாடை, குருணை, கல், கறுப்பு அரிசி என்று மக்கள் சொல்லும் குறைகள் உண்மையானவை. அரசு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அவை பதப்படுத்துவதிலும் இருப்பு வைப்பதிலும் வரும் குறைகள். நெல்லைச் சிமென்ட் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்தால் புளித்து வாடை வரும். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் சுமார் 70 டிகிரி வெந்நீரில் சில மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதை ஒழுங்காகச் செய்தால் வாடை இல்லை.

சத்துக் கணக்கு வேறு. ஹைதராபாத் நிறுவனம் வெளியிட்ட பழைய அட்டவணைப்படி 100 கிராம் மில் பச்சரிசியில் பி1 வைட்டமின் 0.06 மில்லிகிராம், மில் புழுங்கலில் 0.21. கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21தான். மூன்று மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசத்தை எந்தப் பெயர்பெற்ற மூட்டையும் மாற்றிவிட முடியாது. பெயர்பெற்ற கம்பெனியின் புழுங்கலுக்கும் ரேஷன் புழுங்கலுக்கும் இடையில் காசு வாங்கித் தருவது சீரான மணியும், கல் இல்லாத சுத்தமும், உதிரியான சோறும். அவை தேவைதான். கூடுதல் சத்து அந்த விலையில் இல்லை. அதிகம் தீட்டினால் குறையவே செய்யும்.

அண்மை ஆண்டுகளில் ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய மணிகளைக் கலந்து கொடுத்தார்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்புச்சத்தும், ஃபோலிக் அமிலமும், பி12-உம் அதில் இருக்க வேண்டும். ஊறவைக்கும்போது மிதக்கும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் என்று பயந்து பொறுக்கி எறிபவர்கள் உண்டு. அது அரிசி மாவில் செய்த மணி, எறிய வேண்டாம். பி1-ஐக் கட்டாயம் சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் வைக்கவில்லை. புழுங்கல் சாப்பிடும் ஊரில் அந்த வேலையை நெல் அவிக்கும் தொட்டி முன்பே செய்துவிடுகிறது.

ஆகவே அரிசி வாங்குபவர்கள் பெயரைக் கேட்கும் முன் இரண்டைக் கேட்கலாம்: புழுங்கலா பச்சரிசியா, எவ்வளவு தீட்டியது? வீட்டில் நாலைந்து தண்ணீர் கழுவாமல், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் இருந்தால் இருக்கிற சத்தாவது மிஞ்சும். மூட்டைமேல் விலையும் எடையும் அச்சிடுகிறார்கள். அரவை எவ்வளவு என்பதையும் அச்சிட வேண்டும் என்று ரேஷன் கடையிலும் கம்பெனியிலும் ஒருசேரக் கேட்போம்.