பெயரில் மட்டும் மரம்

டெல்லிக்கு வேலைக்கு வந்த புதிதில் கோமுக் யாத்திரை போனேன். வழியில் போஜ்பாசா, போஜ மரங்களின் இருப்பிடம் என்று பொருள். பார்த்தால், ஏறக்குறைய மொட்டை மலை!

நமக்குப் பனையோலை மாதிரி, வடக்கே எழுத இம்மரத்தின் பட்டை. 1881-ல் கிடைத்த பக்‌ஷாலி கணிதச் சுவடியும் இதில் எழுதியதுதான். பிறகு யாத்திரிகர் கூட்டம் பெருக, மரம் அடுப்புக்குப் போனது.

1989-ல் கங்கோத்ரியைக் காக்கும் திட்டத்தைத் தொடங்கிய மலையேற்ற வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட், போஜ்பாசாவில் மறுபடி கன்றுகள் நட்டார். லேசான வேலையில்லை. இதன் விதை பொடிப்பொடியாக, இறக்கையோடு இருக்கும். ஆழப் புதைத்தால் முளைக்காது. மேலாகத் தூவி, ஈரம் காயாமல் பார்க்கணும். வளர்ந்துவிட்டால் பனிச்சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தும்.

அன்று நானும் அங்கே டீ குடித்தேன். அடுப்பில் எரிவது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.