எல்லைக்கோடும் உணவு அட்டையும் – அமெரிக்க வரலாறு தரும் ஒரு பாடம்



சில ஆண்டுகளுக்கு முன், பள்ளியாண்டின் நடுவில், வேறு மாநிலத்திலிருந்து ஒரு மாணவன் என் வகுப்புக்கு மாறி வந்தான். பழைய பள்ளியில் அவன் உணவுத் திட்டப் பட்டியலில் இருந்தவன். எங்கள் பள்ளியில் அவன் பெயரைச் சேர்ப்பதற்கு அவனுடைய கோப்பு வந்து சேர வேண்டியிருந்தது. "கோப்பு வரட்டும், சேர்த்துக்கொள்ளலாம்" என்று அவன் தாயாரிடம் சொன்னவன் நான்தான். கோப்பு வர மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை ஓய்வு நேரங்களில் அவன் சிற்றுண்டிச் சாலைப் பக்கம் வராமல் திடலோரத்தில் நின்றதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அந்த மூன்று வாரங்கள் என் மனத்தில் ஒரு வினாவை எழுப்பின. ஏழைக்கு அரசு தரும் உதவி அவர் வாழும் மண்ணுக்கு உரியதா, அல்லது அந்த மனிதருக்கே உரியதா? மண்ணுக்கு உரியதெனில், எல்லையைக் கடந்தவுடன் அது நின்றுவிடும். மனிதருக்கு உரியதெனில், அவருடன் நடந்து வரும். இவ்வினாவை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து, வழக்காடி, சட்டம் இயற்றிய நாடு ஒன்று உண்டு. ஐம்பது மாநிலங்களைக் கொண்ட அமெரிக்காதான் அது. அந்நாட்டின் பட்டறிவை இங்குச் சுருக்கமாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஊருக்கு உரிய ஏழை

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வறியோரைப் பேணும் பொறுப்பை ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திடமும் ஒப்படைத்தது. அந்தந்த வட்டாரத்து மக்களின் வரிப்பணமே அதற்குச் செலவிடப்பட்டது. ஆகவே, பிற ஊர் ஏழை நம் ஊருக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்னும் அச்சம் உடனே பிறந்தது. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டம் அந்த அச்சத்திற்கு வடிவம் கொடுத்தது. ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியேறும் ஒருவர், பின்னாளில் ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று தோன்றினால், 40 நாள்களுக்குள் முறையிட்டு அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம் என்றது அச்சட்டம்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இம்முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. நியூ இங்கிலாந்து ஊர்களில் புதிதாக வந்த வறியோர்க்கு, ஊரைவிட்டு நீங்குமாறு முறைப்படி அறிவிப்புக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1781இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் முதல் ஒன்றிய உடன்படிக்கை, ஒரு மாநிலத்தின் குடிமக்கள் மற்ற மாநிலங்களிலும் உரிமைகளோடு நடமாடலாம் என்று கூறிவிட்டு, இரவலரையும் நாடோடிகளையும் தப்பியோடிய குற்றவாளிகளையும் அவ்வுரிமையிலிருந்து விலக்கியது. ஏழையும் குற்றவாளியும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். 1837இல் உச்ச நீதிமன்றமே, வறியோரின் வருகையைத் தொற்றுநோய்க்கு ஒப்பிட்டு, அதைத் தடுக்கும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு எனத் தீர்ப்பெழுதியது.

எல்லையில் நின்ற காவலர்கள்

1930களில் பொருளாதார மந்தமும் புழுதிப் புயல்களும் சேர்ந்து, ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்க்கன்சா போன்ற மாநிலங்களின் உழவர்களை வீதிக்குத் தள்ளின. பல இலட்சம் பேர் மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் பயணப்பட்டனர். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் டேவிஸ், நூற்றுக்கும் மேற்பட்ட தம் காவலர்களைக் கலிபோர்னியாவின் எல்லைகளுக்கு அனுப்பி, கையில் பணமில்லாது வருவோரைத் திருப்பி அனுப்பச் செய்தார். ஒரு நகரத்தின் காவலர்கள் ஒரு மாநிலத்தின் எல்லையை மறித்து நின்ற அந்நிகழ்வு சில வாரங்கள் நீடித்தது.

1939ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவின் மேரிஸ்வில் ஊரைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் என்பவர், வேலையின்றித் தவித்த தம் மனைவியின் உடன்பிறந்தாரை அழைத்து வர டெக்சசுக்குச் சென்றார். புறப்படும்போது மைத்துனரிடம் ஏறத்தாழ 20 டாலர் இருந்தது. வந்து சேர்வதற்குள் அதுவும் தீர்ந்துபோயிற்று. அடுத்த பத்து நாள்களில் மைத்துனருக்குக் கூட்டரசின் உதவியும் கிடைத்தது. ஆயினும், பிற மாநிலத்து வறியவரைக் கலிபோர்னியாவுக்குள் கொண்டுவருதல் குற்றம் என்னும் சட்டத்தின்கீழ் எட்வர்ட்சுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, நிறுத்தி வைக்கப்பட்டது. உறவினருக்குக் கைகொடுத்ததே குற்றமாயிற்று!

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1941 நவம்பர் 24ஆம் நாள் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லாததாக்கினர். ஏழ்மையும் ஒழுக்கக்கேடும் ஒன்றல்ல என்று கூறி, 1837ஆம் ஆண்டின் ஒப்புமையையும் நீதிமன்றம் கைவிட்டது. எல்லை திறந்தது. எனினும், எல்லையைக் கடந்து வந்தவருக்கு உணவு கிடைக்குமா என்பது வேறு வினாவாகவே நின்றது.

ஓராண்டுக் காத்திருப்பு

1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரின் ஆதரவு இழந்த குழந்தைகளுக்கு ரொக்க உதவி வழங்க வழிசெய்தது. ஆனால், உதவி கேட்பவர் ஓராண்டுக் காலம் தம் மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க மாநிலங்களுக்கு அது இடமளித்தது. முதியோர் உதவிக்கோ ஒன்பது ஆண்டுகளில் ஐந்தாண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்றுகூட மாநிலங்கள் கேட்கலாம். பசிக்கும் வயிறு ஓராண்டு பொறுத்திருக்குமா என்று எவரும் கேட்கவில்லை.

1966இல் பத்தொன்பது வயதுத் தாய் ஒருவர், ஒரு குழந்தையோடும் வயிற்றில் மற்றொரு குழந்தையோடும், மசாசூசெட்சிலிருந்து கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த தம் தாயிடம் வந்தார். ஓராண்டு நிறையவில்லை என்று கூறி அவருக்கு உதவி மறுக்கப்பட்டது. ஷபீரோ எதிர் தாம்சன் என வழங்கும் அவ்வழக்கில், 1969 ஏப்ரல் 21ஆம் நாள், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. வறியோர் வருகையைத் தடுப்பதற்காக உதவியை மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று பெரும்பான்மையினர் அறுதியிட்டனர்.

மாநிலங்களின் வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்பது நம் பழமொழியும்தானே? தாராளமாகக் கொடுக்கும் மாநிலத்தை நோக்கி எல்லாரும் வந்துவிட்டால், அம்மாநிலம் தாராளத்தைக் குறைத்துக்கொள்ளாதா என அவர்கள் கேட்டனர். அதனால்தான் அவ்வாதம் மீண்டும் தலைதூக்கியது. 1992இல் கலிபோர்னியா, புதிதாக வருவோர்க்கு முதலாண்டு முழுவதும் அவர்களுடைய பழைய மாநிலத்தின் அளவே உதவி தரப்படும் எனச் சட்டம் இயற்றியது. 1996ஆம் ஆண்டின் நலவுதவிச் சீர்திருத்தச் சட்டம் அத்தகைய முறைக்கு ஒப்புதலும் அளித்தது. 1999 மே 17ஆம் நாள், சயன்ஸ் எதிர் ரோ வழக்கில், ஏழு நீதிபதிகள் அதனையும் செல்லாததாக்கினர். ஒரு மாநிலத்தில் குடியேறியவர் முதல் நாளிலிருந்தே அதன் முழுக் குடிமகன் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தாள் கடந்த எல்லையை அட்டை கடக்கவில்லை

உணவு உதவியின் கதை சற்று வேறானது. 1939 மே 16ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் முதல் உணவு வில்லைத் திட்டம் தொடங்கியது. ஒரு டாலருக்குச் செம்மஞ்சள் வில்லை வாங்கினால், உபரி விளைபொருள்களைப் பெற 50 காசு மதிப்புள்ள நீல வில்லை இலவசமாகக் கிடைத்தது. 1943இல் அது நின்றுபோனது. 1961இல் கென்னடி ஆட்சியில் சோதனை முயற்சியாக மீண்டும் தொடங்கி, 1964இல் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் நிலைபெற்றது. 1974இல் நாடெங்கும் பரவியது.

இவ்வில்லைகளைக் கூட்டரசே அச்சிட்டது. அவற்றின் மதிப்பையும் கூட்டரசே ஏற்றது. எனவே, ஒரு மாநிலத்தில் பெற்ற வில்லையை எந்த மாநிலத்திலும் அனுமதி பெற்ற மளிகைக் கடையில் கொடுத்து உணவு வாங்க முடிந்தது. எல்லை அதற்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

பின்னர் புதுமை வந்தது. 1984இல் பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில், தாள் வில்லைக்கு மாற்றாக மின்னணு அட்டை சோதித்துப் பார்க்கப்பட்டது. 1993இல் மேரிலாந்து மாநிலம் முழுவதும் அட்டைக்கு மாறியது. 2002 அக்டோபருக்குள் எல்லா மாநிலங்களும் மாற வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் சட்டம் பணித்தது. ஆனால், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து தனித்தனிக் கணினி முறையை அமைத்தது. விளைவு என்ன? ஒரு மாநிலத்தின் அட்டையை வேறொரு மாநிலத்தின் கருவி பல இடங்களில் அறிந்துகொள்ளவில்லை. தாள் கடந்த எல்லையை அட்டை கடக்க முடியாமற்போனது.

டெக்சர்கானா என்னும் ஊரை எண்ணிப் பாருங்கள். அதன் நடுவே செல்லும் எல்லைக்கோட்டுச் சாலையின் ஒரு பக்கம் டெக்சஸ், மறுபக்கம் ஆர்க்கன்சா. இத்தகைய ஊர்களில் வாழும் ஒரு தாய்க்குச் சாலையின் மறுபக்கக் கடையே அண்மையில் இருக்கலாம். விலையும் குறைவாக இருக்கலாம். பகைமையோ வெறுப்போ இல்லாமல், வெறும் கவனக்குறைவாலேயே ஒரு வேலி எழுந்துவிடும் என்பதற்கு இது நல்ல சான்று.

2000 பிப்ரவரியில் இக்குறையை நீக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அட்டைகள் எல்லா மாநிலங்களிலும் செல்ல வேண்டும் என்று அது விதித்தது. கணினி முறைகளை இணைக்கும் செலவுக்குக் கூட்டரசு ஒதுக்கிய உச்சவரம்பு ஆண்டுக்கு 5 இலட்சம் டாலர் மட்டுமே! 2004 நடுவில் நாடு முழுவதும் அட்டைக்கு மாறியிருந்தது. அடுத்த ஆண்டே, 2005 ஆகஸ்டில், கத்ரினா சூறாவளி நியூ ஆர்லியன்சை மூழ்கடித்தது. லூசியானாவிலிருந்து டெக்சசுக்கு ஓடிவந்த குடும்பங்களின் கையிலிருந்த அட்டை அங்கும் செல்லுபடியாயிற்று. முன்னரே செய்த சிறு ஏற்பாடு, பேரிடர் நாளில் பெருந்துணையாயிற்று.

இன்றைய நிலை

2008இல் இத்திட்டம் 'ஸ்னாப்' எனப் பெயர் மாறியது. 2024 நிதியாண்டில் மாதந்தோறும் சராசரியாக 4 கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் பயன்பெற்றனர். உணவு அட்டையைக் கொண்டு எந்த மாநிலத்திலும் உணவு வாங்கலாம். ஆனால் விண்ணப்பம் மட்டும் எல்லையைக் கடப்பதில்லை. குடிபெயர்ந்த குடும்பம் பழைய மாநிலத்தில் கணக்கை முடித்துவிட்டு, புதிய மாநிலத்தில் தொடக்கத்திலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக 30 நாள் வரையிலும், மிகுந்த நெருக்கடியில் உள்ளோர்க்கு 7 நாள் வரையிலும் ஆகலாம். ஒரே நேரத்தில் இரு மாநிலங்களில் உதவி பெறுவது குற்றம். அதைக் கண்டறிய மாநிலங்கள் தரவுகளை ஒப்பிட்டுப் பார்க்க 2018ஆம் ஆண்டின் சட்டம் ஆணையிட்டது.

ரொக்க உதவி இன்னும் மாநிலத்தைச் சார்ந்தே உள்ளது. அதன் அளவை அந்தந்த மாநிலமே முடிவு செய்கிறது. அதே வேளையில், கூட்டரசுப் பணத்தில் ஒருவர் பெறக்கூடிய 60 மாத வாழ்நாள் வரம்பு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. உதவி எல்லையில் நின்றாலும், கணக்கு நிற்காமல் கடந்து வருகிறது!

2025 ஜூலை 4ஆம் நாள் கையொப்பமான சட்டமும் கருதத்தக்கது. இதுவரை உணவு உதவியின் மதிப்பு முழுவதையும் கூட்டரசே ஏற்று வந்தது. 2027 அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டு முதல், வழங்குவதில் பிழை விகிதம் மிகுந்த மாநிலங்கள் அதில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்கிறது இச்சட்டம். யார் பணம் என்னும் வினாதான் 1662இல் வேலியை எழுப்பியது என்பதை வரலாறு கற்றவர்கள் மறக்க இயலாது.

நிறைவாக

இந்த வரலாற்றில் இரு வகை வேலிகளைக் காண்கிறோம். ஒன்று, வேண்டாதவரைத் தடுக்க வேண்டுமென்றே கட்டப்பட்டது. அதை உடைக்க வழக்குகளும் தீர்ப்புகளும் தேவைப்பட்டன. மற்றொன்று, எவரும் கட்ட நினையாமலே, கோப்புகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசாததால் தானே எழுந்தது. அதை நீக்கச் சிறு முயற்சியே போதுமாயிருந்தது.

திடலோரத்தில் நின்ற அந்த மாணவனை மூன்று வாரங்கள் தடுத்தது இரண்டாம் வகை வேலி. அதன் காவலனாக நின்றது வேறு யாருமல்லர், நானே. அதன்பின் நான் ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளேன். இடையில் மாறி வரும் மாணவர் எவராயினும், முதல் நாளே அவர் சாப்பிட்டாரா என்று கேட்டுவிடுகிறேன். உணவுக்கான ஏற்பாட்டை அன்றே செய்துவிட்டு, கோப்புக்கு மறுநாள் எழுதுகிறேன். பெற்றோர்களும் பள்ளி மாறும்போது, பழைய பள்ளியில் பிள்ளை பெற்றுவந்த உதவிகளைக் கூச்சமின்றி முதல் நாளே புதிய ஆசிரியரிடம் கூறிவிடுங்கள் என அன்போடு வேண்டிக்கொள்கிறேன்.

கோப்பு மெல்ல வரட்டும். பிள்ளை பசியோடு காத்திருக்க வேண்டாம்.