கிருமி ஒன்று, உடம்பு இரண்டு

நோயின் போக்கைத் தீர்மானிப்பது கிருமியா, உடம்பா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உடம்பின் பக்கம் பேச வந்திருக்கிறேன். சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். காப்பாரிலிருந்து மேரு பக்கமாக வடகிழக்கே போனால் சுங்கை பூலோ. நம்மில் பலருக்கு அது பூச்செடி வாங்கும் இடம். அந்தச் செடி வியாபாரத்தை அங்கே வளர்த்தவர்கள் தொழுநோய்க்காக அடைக்கப்பட்டவர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கூட்டு மலாய் மாநிலங்களில் 1926இல் வந்த சட்டம், தொழுநோய் கண்டவர்களைப் பிடித்துத் தனியே வைக்க வழி செய்தது. 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. வீடு, பள்ளி, கோயில், தனி நாணயம் எல்லாம் உள்ளேயே இருந்தன. அங்கே பிறந்த குழந்தைகளை மட்டும் பெற்றோரிடம் விடவில்லை. பிரித்துக்கொண்டு போனார்கள், பலர் தத்துப் போனார்கள்.

இத்தனை பயம் எதற்கு? இந்தக் கிருமி உள்ளே நுழைந்தாலும் நூற்றில் ஏறக்குறைய 95 பேருக்கு நோய் வருவதே இல்லை. இதைவிட சோம்பேறியான கிருமியைக் காண்பது அரிது. ஒன்று இரண்டாகப் பெருக இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறது.

சோம்பேறியாக இருந்தாலும் கள்ளத்தனம் அதிகம். நம் இரத்தத்திலும் தசையிலும் கிருமிகளை விழுங்கும் அணுக்கள் உண்டு. தோட்டத்து ஜாகா போல என்று வையுங்கள். தொழுநோய்க் கிருமிக்கு மெழுகுச் சட்டை. ஜாகா அதை விழுங்கிவிடுகிறான், ஆனால் செரிக்க முடிவதில்லை. விழுங்கியவன் வயிற்றிலேயே அது குடித்தனம் நடத்துகிறது. அப்போது ஒரு கங்காணி வந்து அதட்ட வேண்டும். டி செல் என்கிறார்களே, அந்த வெள்ளணுதான் கங்காணி. அது இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்தால்தான் ஜாகாவுக்கு வேகம் வந்து கிருமியைக் கொல்லும்.

சிலர் உடம்பில் இந்தக் கங்காணி கச்சிதமாக வேலை செய்கிறது. அவர்களுக்கு உணர்ச்சியற்ற ஓரிரு தேமல்களோடு நோய் நின்றுவிடும். சிலர் உடம்பிலோ கங்காணி எதிரியை அடையாளமே காண்பதில்லை. கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி முகம், காது, மூக்கு எல்லாம் தடித்துப் போகின்றன. இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே உள்ள படிகளை 1966இல் ரிட்லி, ஜாப்ளிங் என்ற மருத்துவர்கள் வகைப்படுத்தினார்கள். கிருமி ஒன்றேதான், நேயர்களே.

எதிரணி நண்பர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்: உடம்பு எதிர்த்தால் நல்லதுதானே? எப்போதும் இல்லை. கிருமி நரம்புக்குள் ஒளிந்திருக்கும்போது அதைத் தாக்கப் போன அணுக்கள் நரம்பையும் சேர்த்துச் சிதைக்கின்றன. விரல் மடங்குவதில் ஒரு பங்கு நம் சொந்தப் படையின் வேலை.

சரி, மருந்துக்கு வருவோம். முதலில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். பிறகு டாப்சோன் மாத்திரை வந்தது. எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். ஆனால் சுங்கை பூலோவில் சிலருக்கு மாத்திரை தின்றும் நோய் திரும்பியது. டாக்டர் பெட்டிட்டும் லண்டனில் டாக்டர் ரீஸும் ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த கிருமியை எலியின் பாதத்தில் செலுத்திப் பார்த்து, கிருமி டாப்சோனுக்குப் பழகிவிட்டது என்று 1964இல் நிரூபித்தார்கள். உலகத்தில் அது முதல் நிரூபணம். சுங்கை பூலோ நோயாளிகளின் தோலில் கிடைத்தது. 1970இல் ரிஃபாம்பிசின் மருந்து சில நாள்களிலேயே கிருமிகளைக் கொல்வதையும் அவர்களிடமே கண்டார்கள்.

1974இல் வெளியான முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 10 ஆண்டு டாப்சோன் சாப்பிட்டவர்களின் உடம்பிலும் உயிருள்ள கிருமிகள் கிடந்தன. மருந்து கிருமியைக் குறைத்தது. தூங்கிய கங்காணியை அது எழுப்பவில்லை. உடம்பு ஒத்துழைக்காத இடத்தில் ஒற்றை மருந்து தோற்றுப்போகும் என்பது இதனால் தெளிவானது. 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னதற்கு இவையெல்லாம் அடிப்படை. அந்த ஆய்வுகளை எழுதியவர்களின் பெயர்கள் உலக மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. தோலைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் சுங்கை பூலோ கல்லறைகளில்தான் இருக்கிறது. 2007இல் குடியிருப்பின் ஒரு பகுதியை இடித்தபோது பழைய வீடுகள் பல போயின.

இன்று யாரையும் அடைத்து வைக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கிய சில நாள்களில் நோய் பரவுவது நின்றுவிடுகிறது. வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ வீட்டிலிருந்தே சாப்பிடலாம். வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் தெரிந்து, அது அரிக்காமல், தொட்டாலும் சுட்டாலும் உணர்ச்சி இல்லாமல் இருந்தால் மறைக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள். நடுவர் மணியடித்துவிட்டார்.