மனைக்குப் பட்டா ஏது?
திருத்தணி வட்டாரத்துப் பழைய ஏடுகள் சொல்லும் வரலாறு

'ஜமீன்' என்பது பாரசீகச் சொல். அதன் பொருள் தரை, அவ்வளவுதான். மதரஸாவில் முதலாண்டுப் பாரசீகப் பாடத்தில் 'ஆஸ்மான்' வானம், 'ஜமீன்' நிலம் என்று ஓதிய சிறுவர்களாகிய எங்களுக்கு, ஊருக்கு வந்தால் அதே சொல் ஒரு மாளிகையையும் ஒரு மனிதரையும் குறிப்பது வியப்பாக இருக்கும். காலடியில் கிடக்கும் மண்ணின் பெயர், அம்மண்ணை ஆண்டவரின் பெயராக எப்போது மாறியது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், மண்ணை ஆண்டவரைக் காட்டிலும் மண்ணை எழுதியவர்களைப் பற்றியே மிகுதியாக அறிய நேரிடுகிறது.

திருத்தணிகை மலைக்கு 365 படிகள் என்பதை எல்லோரும் அறிவர். அம்மலையைச் சூழ்ந்த ஊர்களெல்லாம் நெடுங்காலம் கார்வெட்டிநகரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தன என்பதை அத்தனை பேர் அறியார். பொம்மராச பாளையம் எனப் பழைய ஆவணங்கள் குறிக்கும் அப்பாளையம் ஆர்க்காட்டு நவாபுக்குப் பேஷ்கஷ் செலுத்திவந்தது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் அத்தொகையைத் தண்டும் அதிகாரம் கும்பினியின் கைக்குப் போயிற்று. 1801இல் நவாபின் ஆட்சியே கும்பினிக்குள் அடங்கிற்று. அடுத்த ஆண்டில், 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பாளையக்காரர் 'ஜமீன்தார்' ஆனார். என்றும் மாறாத பேஷ்கஷ் தொகை குறிக்கப்பட்ட சன்னது அவருக்கு வழங்கப்பட்டது. 'சனது' என்பது அரபுச் சொல்; சார்ந்து நிற்பதற்குரிய ஆதாரம் என்பது அதன் வேர்ப்பொருள். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை 'சனது' என்கிறோமே, அதே சொல்தான். ஆனால் கும்பினி கொடுத்த சனதில் தொடர் ஏதுமில்லை. அதற்கு முன் அம்மண்ணில் யார் குடியிருந்தார், யார் உழுதார் என்ற பேச்சு அதில் இடம்பெறவில்லை.

அந்தப் பேச்சை எழுதும் வேலை வேறொருவருக்கு ஒப்படைக்கப்பட்டது. அதே 1802இல் 29ஆம் ஒழுங்குமுறை, கர்ணங்களைப் பற்றியது. ஊர்க்கணக்கை உண்மையாக எழுதுவது அவர் கடமை; பதவி பரம்பரையாக வரும்; நீதிமன்றத் தீர்ப்பின்றி ஜமீன்தார் அவரை நீக்க முடியாது. 30ஆம் ஒழுங்குமுறை, ஜமீன்தார் குடிகளுக்குப் பட்டா கொடுத்து முச்சலிக்கா பெற வேண்டும் என்றது. ஆக, ஒரே ஆண்டில் ஆள்பவருக்கு ஒரு சட்டம், எழுதுபவருக்கு ஒரு சட்டம், உழுபவருக்கு ஒரு சட்டம். மூன்றிலும் நெடுநாள் செல்வாக்கோடு நின்றவர் நடுவிலுள்ளவரே என்பது என் கருத்து. ஜமீன்தாருக்கு ஊர் தெரியாது, குடியானவருக்கு எழுத்துத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் கர்ணம் ஒருவர்தாம்.

அவரைச் சுற்றி ஒரு சிறு கூட்டமே இருந்தது. அமீன், ஷிரஸ்தார், முன்சீப், வக்கீல், பத்திரம் எழுதும் முன்ஷி! அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். முன்சீப் (முன்ஸிப்) என்றால் நீதமாக நடப்பவர். வக்கீல் என்றால் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். தாசில் (தஹ்ஸீல்) என்றால் தண்டுதல். வாரிசு, மிராசு இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. முதலாவது மரபுரிமை பெறுபவர், இரண்டாவது அவர் பெறும் பொருள். அசல், நகல், பாக்கி, வசூல், ஆஜர், ரசீது என்று தினமும் நம் நாவில் புரளும் சொற்களை எண்ணிப் பார்த்தால், அரபு மதரஸாவில் ஓதாதவர்களும் கச்சேரி வாசலில் பாதி அரபு ஓதியிருக்கிறார்கள் என்று தெரியும்.

பசலியை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். 'ஃபஸ்ல்' என்றால் பருவம். அறுவடைப் பருவத்தை ஒட்டிய வரி ஆண்டுக்கு இப்பெயர் வந்தது. நம் பக்கத்துப் பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜூலை முதல் நாள் புதுப் பசலி பிறக்கும். ஷாஜஹான் காலத்தில், 1636ஐ ஒட்டித் தக்காணத்தில் இம்முறை புகுந்தபோது ஹிஜ்ரி 1046, பசலியும் 1046. பிறகு ஹிஜ்ரி பிறையைப் பின்பற்றிற்று. பசலி கதிரவனைப் பின்பற்றிற்று. 1960 ஜூலையில் ஹிஜ்ரி 1380, பசலி 1370. முந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் பத்தாண்டு இடைவெளி விழுந்துவிட்டது. பழைய ரசீதைக் கையிலெடுப்போர் இக்கணக்கை அறியாவிடில் தந்தையின் காலத்தைப் பாட்டனாருக்குக் கொடுத்துவிடுவர்.

ஜமீன் பணியிலிருந்த இத்தகைய எழுத்தர் குடும்பம் ஒன்றில்தான் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் திருத்தணியில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை ஜமீனில் சிறிய வருவாய்ப் பணியாளர்; வரும்படி குறைவு. அக்குழந்தைதான் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். ஜமீன் எழுத்தர்களைப் பொதுவாகப் பழிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பழிக்கத் தக்கவர் பலர் இருந்ததும் மெய்யே. ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் குறைந்த ஊதியத்தில் குடும்பம் நடத்திய ஏழைகள் என்பதை மறத்தல் ஆகாது.

காஜிமார்களும் ஒருகாலத்தில் இக்கூட்டத்தில் இருந்தனர். திருமணம் நடத்துவதோடு கிரயப் பத்திரம், தானப் பத்திரம் எழுதி முத்திரையிடுவதும் அவர்கள் பணியாக இருந்தது. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அரசு காஜிகளை நியமிக்கும் முறையை ஒழித்தது. அதை ஒட்டியே பத்திரப் பதிவு அலுவலகங்களும் வந்தன. காஜியின் முத்திரை போய்ச் சார்பதிவாளரின் முத்திரை வந்தது. 1880இல் காஜி நியமனம் வேறு சட்டத்தால் மீண்டது. ஆனால் பத்திரம் எழுதும் தொழில் அவரிடம் திரும்பவில்லை.

இனி, மனைக்கு வருவோம்.

வயலுக்கு வரி உண்டு; ஆகவே கணக்கு உண்டு; ஆகவே பட்டா உண்டு. குடியிருக்கும் மனைக்கு இவை மூன்றும் இல்லை. இராசராச சோழனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீங்கிய நிலங்களை எண்ணும்போதே ஊர்நத்தம் முன்வரிசையில் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக நத்தம் இறையிலியாகவே இருந்தது. குடிகளுக்கு இது சலுகை. ஆனால் அச்சலுகையே பின்னர் வினையாக முடிந்தது. வரி இல்லாததால் ஏட்டில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால், 'உன் மனை என்பதற்கு ஆதாரம் எங்கே?' என்று ஒருவன் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. இடையில் 'மொகதர்பா' என்றொரு வரி இருந்தது. 'முஹ்தரிஃபா', தொழில் செய்வோர், என்னும் அரபுச் சொல்லின் திரிபு அது. தறிக்கும் கடைக்கும் சில இடங்களில் வீட்டுக்கும் அதைத் தண்டினார்கள். 1860ஐ ஒட்டி வருமான வரி வந்தபோது அது கைவிடப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர். அதனோடு வீடுகளைப் பற்றியிருந்த கொஞ்சம் எழுத்தும் போயிற்று.

1908ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடியானவர்களுக்குப் பெரும் பாதுகாப்பு. உழுநிலத்தில் நிலைத்த உரிமையை அது தந்தது. ஆனால் 'ரயத்து நிலம்' எது என்று அது வகுத்துரைக்கும் இடத்தைப் படியுங்கள். ஏரி உட்படுகை, களம், மாடு நிற்கும் தரை இவற்றோடு ஊர்நத்தத்தையும் அவ்வகையிலிருந்து நீக்கிவிட்டது! உழுபவனின் வயல் காக்கப்பட்டது. அவன் உறங்கும் இடத்தைப் பற்றி அச்சட்டம் பேசவில்லை. வயல் இல்லாத கூலியாளர், நெசவாளர், கொல்லர், வண்ணார், சிறுகடைக்காரர் ஆகியோருக்கோ உறங்கும் இடம் மட்டுமே சொத்து.

1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. எஸ்டேட் முழுதும், பொது நிலங்களும் புறம்போக்குகளும் உட்பட, அரசுக்கு வந்து சேர்ந்தது. அப்படியாயின் நத்தமும் அரசுடையதோ என்னும் அச்சம் எழுந்தது. அச்சட்டத்தின் 18ஆம் பிரிவை முன்னமே படித்திருந்தால் பாதி அச்சம் தீர்ந்திருக்கும். ஜமீன் நிருவாகத்துக்கென்றே பயன்பட்ட அலுவலகக் கட்டடங்கள் அரசுக்கு. ஏனைய கட்டடங்கள் அந்நாளில் யாருடையனவோ அவருக்கே. கட்டடம் என்றால் அது நிற்கும் மனையும் அதை ஒட்டிய புழக்கடையும் அடங்கும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. கிராம நத்தத்து மனை அரசுக்குப் போகாது என்பதை 1959இல் வெளியான ஒரு தீர்ப்பில் சென்னை உயர்நீதிமன்றமும் உறுதிசெய்தது. பின் வந்த தீர்ப்புகள் பலவும் அவ்வழியே சென்றன.

நம் ஃபிக்ஹு நூல்களில் 'இஹ்யாவுல் மவாத்' என்றொரு பாடம் உண்டு. தரிசாய்க் கிடக்கும் உரிமையற்ற நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அது உரியது என்பது. ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பார் இமாம் அபூஹனீஃபா. வேண்டியதில்லை என்பர் அவருடைய மாணவர் இருவரும், இமாம் ஷாஃபியும். நத்தம் தரிசு நிலமன்று. எனவே இவ்வொப்புமையை மிகைப்படுத்தக் கூடாது. ஆயினும் குடியிருந்தவரின் உரிமை அரசு எழுதிக் கொடுப்பதால் பிறக்கிறதா, குடியிருத்தலாலேயே பிறக்கிறதா என்ற வழக்கு பாக்தாதிலும் சென்னையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

திருத்தணிக்கு இவற்றோடு இன்னொரு சிக்கலும் நேர்ந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் சேர்ந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பட்டாஸ்கர் பரிந்துரையும், 1959ஆம் ஆண்டு எல்லைமாற்றச் சட்டமும் நாம் அறிந்தவை. 1960 ஏப்ரல் முதல் நாள், பசலி 1369 முடிய மூன்று மாதம் இருக்கையில், திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கல்லை ஒரே நாளில் மாற்றி நட்டார்கள். ஏடுகள் அப்படி மாறவில்லை. நேற்றுவரை தெலுங்கில் எழுதப்பட்ட ஊரின் கணக்கு இன்று தமிழில் தொடர்ந்தது.

இதனால் விளைந்த ஒன்றை நானே கண்டேன். 1988க்குப் பின் நத்தம் நிலவரித் திட்டத்தின்கீழ் மனைகளை அளந்து பட்டா கொடுக்கலானார்கள். அளவையாளர்கள் நம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தெருவுக்கு வந்தபோது, நான் மதரஸாவில் ஓதி முடித்துத் திரும்பியிருந்தேன். அத்தெருவில் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் தந்தை தம் வாழ்நாளிலேயே வீட்டை மகளுக்கு வாய்மொழியாக ஹிபாச் செய்து ஒப்படைத்திருந்தார். வழங்குதல், ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா செல்லும். சொத்து மாற்றச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இதற்கு இடம் வைத்திருக்கிறது. 2011இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஆனால் அளவையாளர் வந்த நாளில் வாசலில் நின்றவர் அண்ணன் மகன். தோராயப் பட்டாவில் அவர் பெயர் ஏறிவிட்டது.

மூதாட்டியிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய வீட்டுவரி ரசீதுகள் இருந்தன. 1960க்கு முந்தியவை தெலுங்கில், பிந்தியவை தமிழில். தெலுங்கு ரசீதில் அவர் பெயர் 'பீ' என முடிந்தது. தமிழ் ரசீதில் 'அம்மாள்' என முடிந்தது. இருவரும் ஒருவரே என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தம்பி, நான் ரெண்டு பொம்பளையா?" என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெலுங்கு படிக்க வராது.

ஊரில் ஓய்ந்திருந்த பழைய கர்ணம் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிச் சென்றோம். 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தபோது வேலை இழந்தவர் அவர். அதைப் பற்றிய கசப்பு அவரிடம் தீரவில்லை. அரை மணி நேரம் அதையே சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டி முதல் ரசீதைப் பார்த்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இது எங்க அப்பா கையெழுத்து, மௌலவி" என்றார்.

ரசீதில் வரித்தொகைக்குக் கீழே, மனையின் செக்குபந்தி நான்கும், இன்னாருடைய மகள் வசத்திலிருப்பது என்ற குறிப்பும் இருந்தன. எந்த விதியும் அக்குறிப்பை எழுதச் சொல்லவில்லை. எழுதியவர் தாமாக எழுதியிருக்கிறார். ஒருவரின் கையெழுத்தை நன்கு அறிந்தவர் அதைப் பற்றிச் சொல்லும் கருத்து ஏற்கத்தக்கது என்றது அப்போது நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதை எங்களுக்குச் சொன்னவரும் அந்தக் கர்ணமே. இரண்டு பெயரும் ஒரே பெண்ணுடையவை என்றும், தந்தையின் எழுத்தைத் தாம் அறிவார் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். அண்ணன் மகனும் மறுக்கவில்லை. 'கேட்டார்கள், பெயரைச் சொன்னேன்' என்பதற்கு மேல் அவரிடம் தீய எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மறு அளவைக்கு வந்தபோது புதிய இடையூறு ஒன்று. வடக்கெல்லை 'ஜமீன் கிடங்குச் சுவர்' என்றிருந்தது. அச்சுவர் இடிந்து மண்ணாகி, எவருக்கும் இடம் தெரியவில்லை. கர்ணம் தள்ளாடியபடி வந்து, தெருக்கிணற்றின் துவைகல்லிலிருந்து காலடி வைத்து எண்ணத் தொடங்கினார். அளவையாளர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். பதினெட்டாம் அடியில் கர்ணம் நின்று, கைத்தடியால் மண்ணைக் கீறினார். ஒரு முழம் தோண்டியதும் சுவரின் அடிக்கல் தெரிந்தது.