பதினாறு வாக்குகள்

பசிபிக் பெருங்கடலில் அடாஃபு, நுகுனோனு, ஃபகாஓஃபோ என்னும் மூன்று பவளத்தீவுகளே டோக்கெலாவ். நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட இந்நாட்டில் வாழ்வோர் ஏறத்தாழ 1,500 பேர். நுகுனோனு மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

நியூசிலாந்துடன் இணைந்திருந்தபடியே தன்னாட்சி பெறுவதா என்னும் வினாவுக்கு, 2006 பிப்ரவரிப் பொதுவாக்கெடுப்பில் 60 விழுக்காட்டினர் இசைந்தனர். மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டுமென முன்னரே வரையறுத்திருந்தமையால் அது போதவில்லை. 2007 அக்டோபரில் மீண்டும் வாக்கெடுப்பு. 692 வாக்குகளுள் 446 ஆதரவு; வேண்டியவை 462. பதினாறே குறைவு! ஆயினும் வரம்பு தளர்த்தப்படவில்லை.

பெரும்பான்மையே தோற்றதென நாம் வருந்தலாம். ஆனால், சின்னஞ்சிறு தீவில் ஆதரித்தவரும் மறுத்தவரும் நாளையும் ஒரே படகில்தான் கடல் கடக்க வேண்டும். மறுப்பவரையும் உடனழைத்துச் செல்லக் காத்திருப்பதும் விடுதலையின் ஒரு பகுதியே என நாம் உணர்கிறோம்.