பாங்காக் முதல் கேத்தே அரங்கம் வரை: இந்திய தேசிய ராணுவத்தின் போர் நோக்கங்களை வகுத்த மாநாடுகள்

போரில் இறங்கும் ஒரு தரப்பு எதற்காகப் போரிடுகிறது, எதை அடைந்தால் ஆயுதத்தைக் கீழே வைக்கும் என்பதை வரையறுத்து அறிவிப்பதே போர் நோக்கம் எனப்படும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் தலைவர்கள் காசாபிளாங்கா, டெஹ்ரான் முதலிய மாநாடுகளில் அதனை வகுத்தனர். அவற்றுக்கு முன்னோடியான 1941 ஆகஸ்டு மாத அட்லாண்டிக் சாசனம், எல்லா மக்களுக்கும் தத்தம் ஆட்சிமுறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்று கூறியது. எனினும் அது முதன்மையாக நாஜி ஆதிக்கத்தில் சிக்கிய நாடுகளைக் கருதியே எழுதப்பட்டது எனச் செப்டம்பர் 9 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கியதால், இந்தியாவின் விடுதலை அவ்வறிக்கையின் வரம்புக்கு வெளியே தள்ளப்பட்டது. இந்தியாவுக்கான போர் நோக்கத்தை இந்தியரே வகுக்கும் முயற்சி கிழக்காசியாவில் நிகழ்ந்தது. தனக்கென ஓர் அரசு இல்லாத படை, தன் நோக்கத்துக்கான அதிகாரத்தை எங்கிருந்து பெறுவது என்பதே அம்முயற்சியின் மையச் சிக்கலாக இருந்தது.

டோக்கியோவும் பாங்காக்கும்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. இரு நாட்கள் கழித்து ஃபேரர் பூங்காவில் திரட்டப்பட்ட சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாரா, கேப்டன் மோகன் சிங்கின் பொறுப்பில் ஒப்படைத்தார். மார்ச் இறுதியில், ஜப்பானில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ் தலைமையில் டோக்கியோவில் கூடிய மாநாடு, எந்த அந்நியக் கட்டுப்பாடும் இல்லாத முழு விடுதலையே இலக்கு என்றும், இந்திய மண்ணில் படைநடவடிக்கை இந்தியத் தலைமையின் கீழேயே நிகழவேண்டும் என்றும் முடிவு செய்தது. அம்மாநாட்டுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று விபத்துக்குள்ளானதில், மலாயா மத்திய இந்தியர் சங்கச் செயலாளர் நீலகண்ட ஐயர் உள்ளிட்ட நால்வர் உயிரிழந்தனர்.

ஜூன் 15 முதல் 23 வரை பாங்காக்கில் நடைபெற்ற மாநாடு இம்முடிவுகளை விரிவான தீர்மானங்களாக்கியது. அரசியல் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கையும், போர்க்கைதிகளிலிருந்து திரட்டப்பட்ட இந்திய தேசிய ராணுவத்தையும் ஒரே நடவடிக்கைக் குழுவின்கீழ் அது கொண்டுவந்தது. குழுவில் ராஷ் பிகாரி போஸ் தலைவராகவும், ராகவன், கே.பி.கே. மேனன், மோகன் சிங், கிலானி ஆகியோர் உறுப்பினர்களாகவும் அமைந்தனர். இந்திய தேசிய ராணுவத்தைச் சமநிலையிலுள்ள நேசப் படையாக ஏற்கவேண்டும், ஜப்பான் கைப்பற்றிய பகுதிகளில் வாழும் இந்தியரை எதிரி நாட்டவராகக் கருதலாகாது, இந்தியாவின் விடுதலையையும் ஒருமைப்பாட்டையும் முறைப்படி உறுதிசெய்யவேண்டும் என்பவை ஜப்பானிடம் வைக்கப்பட்ட முதன்மையான கோரிக்கைகள்.

ஜப்பான் தெளிவான உறுதிமொழி எதையும் தரவில்லை. அது கிடைக்காமலே படைப்பிரிவுகளைப் பர்மாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது பிளவு முற்றி, டிசம்பரில் மேனன், மோகன் சிங், கிலானி மூவரும் குழுவிலிருந்து விலகினர். அம்மாதம் 29 அன்று மோகன் சிங் கைதுசெய்யப்பட்டார். நோக்கம் தெளிவாக இருந்தும், அதற்குரிய அதிகாரம் ஜப்பானின் கையெழுத்தை எதிர்பார்த்து நின்றதே இந்த முறிவுக்கு அடிப்படைக் காரணம்.

தற்காலிக அரசு

1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் லீக்கின் தலைமையை ஏற்ற சுபாஷ் சந்திர போஸ், தற்காலிக அரசு அமைக்கும் திட்டத்தை அங்கேயே அறிவித்தார். அக்டோபர் 21 அன்று அதே அரங்கில் ஆசாத் ஹிந்த் அரசு பிரகடனம் செய்யப்பட்டது. ஆங்கிலேயரை வெளியேற்றுவது, பின்னர் இந்திய மக்களின் விருப்பப்படி நிலையான அரசு அமைய வழிவிடுவது என்று அதன் பணி வரையறுக்கப்பட்டது. சில நாட்களுக்குள் ஜப்பான் அதனை அங்கீகரிக்க, அவ்வரசு பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது. பாங்காக்கில் கோரிக்கையாக இருந்தது இங்கு ஓர் அரசின் ஆணையாக மாறியது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அமைச்சரவையில் இடம்பெற்றார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பெருந்தொகையாகப் படையில் சேர்ந்தனர்.

இந்த மாற்றத்தின் எல்லையை அந்தமான் காட்டியது. நவம்பரில் டோக்கியோவில் நடைபெற்ற மகா கிழக்காசிய மாநாட்டில் போஸ் பார்வையாளராகக் கலந்துகொண்டபோது, அந்தமான் நிக்கோபார் தீவுகள் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கப்படும் என ஜப்பானியப் பிரதமர் டோஜோ அறிவித்தார். ஆனால் தலைமை ஆணையராகச் சென்ற தமிழ் மருத்துவர் ஏ.டி. லோகநாதனிடம் காவல்துறையை ஜப்பானியர் ஒப்படைக்க மறுத்ததால், அவர் கல்வித்துறையை மட்டுமே ஏற்றார்.

ஆயினும் அரசு அமைத்த முடிவின் முழுப் பயன் போர் முடிந்த பின்னரே வெளிப்பட்டது. இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மீது 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையில், முறையாக அமைந்து போர் அறிவித்த ஓர் அரசின் வீரர்களைத் துரோகிகளாகக் கருத இயலாது என்று அவர்கள் தரப்பு வழக்கறிஞர் புலாபாய் தேசாய் வாதிட்டார். ஆயுள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்ட ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும், 1946 ஜனவரித் தொடக்கத்தில் அத்தண்டனை நீக்கப்பட்டு விடுதலையாயினர்.

சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள மேலநீலிதநல்லூரில், போஸின் ஃபார்வர்டு பிளாக் கட்சியைத் தமிழகத்தில் வழிநடத்திய முத்துராமலிங்கத் தேவரின் பெயரால் ஒரு கல்லூரி இயங்குகிறது. தேவர் போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். நேதாஜியின் நினைவு வேரூன்றிய இத்தகைய ஊர்களில் படையின் வீரச்செயல்கள் பேசப்படும் அளவுக்கு மாநாட்டுத் தீர்மானங்களும் கற்கப்படவேண்டும். எதற்காக, யாருடைய ஆணையின்கீழ் போரிடுகிறோம் என்பதைத் தாங்களே முடிவுசெய்ய அடிமை நாட்டு மக்கள் உரிமை கோரியதற்கு அத்தீர்மானங்களே எழுத்துச் சான்றாகும்.