29 அங்குல மைதானம்

வியாசர்பாடியின் விளையாட்டைப் பற்றி எழுத வருகிற நிருபர்கள் நேராக முல்லை நகர் கால்பந்து மைதானத்துக்குப் போவார்கள். 'மினி பிரேசில்' என்று தலைப்பு வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்டது அதைவிடச் சிறிய மைதானம். நீளமும் அகலமும் 29 அங்குலம், மூலைக்கு ஒரு குழி, 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு.

வடசென்னையில் கேரம் வேரூன்றியதற்கு எங்கள் பிள்ளைகளின் விரல் திறமைதான் காரணம் என்பார்கள். இடநெருக்கடி என்போம் நாங்கள். பி அண்ட் சி மில் காலத்திலிருந்தே கூலி உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி இது. தெருமுனையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பலகை, மேலே தொங்கும் ஒரு பல்பு, கொஞ்சம் பவுடர் இருந்தால் பத்துப் பேருக்கு மாலைப்பொழுது ஓடிவிடும். வீட்டுக்குள்ளேயும் ஆடலாம் என்பதால், வாசல் தாண்ட அனுமதி இல்லாத பெண்பிள்ளைகளும் ஆட்டத்துக்குள் வந்தார்கள். இதை யாரும் திட்டமிடவில்லை.

சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் உருவானது. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் உலக சாம்பியன். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008இல் வியாசர்பாடியின் இளவழகி பிரான்சில் உலகப் பட்டத்தை வென்றார். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர்.

அதே 2008இல்தான் ஐபிஎல் தொடங்கியது. சென்னை அணியின் உரிமை 9.1 கோடி டாலருக்கு விற்றது. தோனியை 15 லட்சம் டாலருக்கு, அன்றைய மதிப்பில் சுமார் 6 கோடி ரூபாய்க்கு, ஏலம் எடுத்தார்கள். ஒரே ஊர், ஒரே ஆண்டு. எந்த விளையாட்டுக்குப் பணம் என்பதைத் திறமை முடிவு செய்வதில்லை.

பணம் வந்தால் நேர்மை கெடும் என்பார்கள். எங்கள் தெருவிலும் காசு வைத்து ஆடியிருக்கிறோம், மறைக்க ஒன்றுமில்லை. தெருக் கேரத்தில் நடுவர் கிடையாது. விரல் பட்டுக் காய் நகர்ந்தால் ஆடியவரே சொல்ல வேண்டும். டீக்கு ஆடியபோது உடனே சொன்ன வாய், ஐம்பது ரூபாய் வைத்த அன்று கொஞ்சம் தயங்கியது. ஆனால் பலகையைச் சுற்றி நின்றதற்காகவே சூதாடிகள் என்று பெயர் வாங்கியவர்கள் எங்கள் பையன்கள். சூதாட்ட விவகாரத்தில் 2015இல் இரண்டு ஆண்டு தடை வாங்கிய சென்னை ஐபிஎல் அணி 2018இல் திரும்பி வந்தபோது ஊரே விசிலடித்து வரவேற்றது. நாங்களும்தான் அடித்தோம்.

காசுக்கு ஆடாதவனே உண்மையான வீரன் என்ற நீதி, வயிறு நிறைந்தவர்கள் எழுதியது. அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப் 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். அதற்கு முன் பேஸ்பால் ஆடிச் சொற்பக் கூலி வாங்கியிருந்தார் என்று 1913இல் அவற்றைப் பறித்தார்கள். அந்தப் போட்டிகளின் ஒரே வெற்றியாளர் என்ற இடம் அவருக்கு மீண்டும் கிடைத்தது 2022இல். அவர் இறந்ததோ 1953இல்.

2024இல் வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், இதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பரிசு, ஜெயித்த பிறகு வருவது. கேரம் ஒலிம்பிக்கிலும் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. மாவட்டப் போட்டியில் தோற்று வீடு திரும்பும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஸ்ட்ரைக்கரை, அடுத்த ஊருக்கான ரயில் டிக்கெட்டை யார் வாங்குவது? இப்போதும் அப்பாவின் அன்றாடக் கூலிதான் வாங்குகிறது.

முன்பெல்லாம் பிள்ளையைப் பலகையிலிருந்து இழுத்துப் போகத்தான் பெற்றோர் தெருமுனைக்கு வருவார்கள். இப்போது கொண்டுவந்து விடுகிறார்கள். விட்டுவிட்டு, எத்தனை வருஷத்தில் ஜெயிப்பாள் என்று கேட்கிறார்கள்.